கியர்த் தண்டு எங்கே இருக்க வேண்டும்?

மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்று, வந்துபோகும் வாகனங்களின் சாரதி ஆசனங்களை எட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பஸ்ஸோ, வானோ, காரோ, ஸ்டியரிங் சாரதியின் நெஞ்சுக்கு நேரேதான் இருக்கிறது. கிளச், பிரேக், அக்சிலேட்டர் மிதிகளின் வரிசையும் எங்கும் ஒன்றுதான். கியர் மட்டும் வாகனத்துக்கு வாகனம் இடம் மாறுகிறது. பழைய இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் அது தரையிலிருந்து எழும் நீண்ட இரும்புத் தண்டு. சாரதியின் இடது பக்கத்தில், சற்றுப் பின்வாங்கி நிற்கிறது. எல்லோரும் ‘கேடிஎச்’ என்று சொல்லும் ரொயோட்டா ஹையேஸ் வானில் டாஷ்போர்ட்டிலிருந்து கட்டையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. வாகன்-ஆர் காரிலும் டாஷ்போர்ட்டில்தான். ப்ரியஸில் விரலளவுக் குமிழ் ஒன்று, அவ்வளவே. முருங்கன் வயல்களிலிருந்து வரும் மசி பேர்கசன் உழவு இயந்திரத்தில் சாரதியின் இரண்டு காலுக்கும் நடுவில். ஓட்டோவில் இடது கைப்பிடியைத் திருகினாலே கியர் விழுகிறது.

வாரநாளில் லொறி ஓட்டுபவர் ஞாயிற்றுக்கிழமை மடுத் தேவாலயத்துக்கு வான் ஹயர் போவார். மாலையில் வீட்டு ஓட்டோவை எடுப்பார். அவருடைய இடது கை ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் கியரைத் தேட வேண்டியிருக்கிறது. அப்படியானால் கியருக்குச் சரியான இடம் எது? உயரத்தில் இருந்தால் நல்லதா, தாழ்வாக இருந்தால் நல்லதா? தண்டைக் கட்டையாக்கினால் வண்டி வேகமாக ஓடும் என்று சில இளைஞர்கள் நம்புகிறார்கள். குமிழுக்குக் கீழே நீட்டிப்புக் குழாய் பூட்டி உயர்த்தினால் கைக்குச் சுகம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியுமா?

முதலில், இத்தனை இடங்கள் எப்படி வந்தன என்று பார்ப்போம். கியரின் இடத்தை நெடுங்காலம் தீர்மானித்தது சாரதியின் கை அல்ல, கியர்ப்பெட்டி. பெட்டி எங்கே கிடந்ததோ அதன் தலையில் ஒரு துளை போட்டுத் தண்டைச் செருகினார்கள். உழவு இயந்திரத்தில் சாரதி கியர்ப்பெட்டிக்கு மேலேயே கால்விரித்து உட்காருவதால் தண்டு கால்களுக்கு நடுவே வந்தது. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலும் அதே கதை. எஞ்சினுக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேலே தண்டு. அதே மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1959இல் மினி காரைச் செய்தபோது எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்ப்பெட்டியை அதன் அடியில் வைத்தார். பெட்டி வெகு முன்னால் போய்விட்டது. தண்டு மிக நீளமாகி, முன்பக்கத் தரையிலிருந்து சாய்ந்து வந்து சாரதியின் கையை எட்டியது. அந்த நீண்ட தண்டை ஆங்கிலேயர் மந்திரக்கோல் என்று கேலி செய்தார்கள்.

ஸ்டியரிங் கம்பத்திலேயே கியரைப் பூட்டும் பழக்கம் 1930களின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. முன் ஆசனம் அப்போது ஒரே நீளப் பெஞ்சு. தரையில் தண்டு இல்லாவிட்டால் நடுவில் இன்னொருவர் காலை நீட்டி உட்காரலாம். இலங்கையின் வடக்கில் உள்நாட்டுப் போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களிலும், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அம்பாசடர்களிலும் கியர் இப்படித்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இடமிச்சம்தான் நோக்கம், கைக்கு நெருக்கமாக அமைந்தது அதனால் கிடைத்த உபரி. பிற்காலத்தில் இரும்புக் கோல்களுக்குப் பதிலாகக் கேபிள்கள் வந்தன. கேபிள் எந்த வளைவிலும் நெளிந்து போகும். ஆகவே பெட்டி எங்கே இருந்தாலும் தண்டை விரும்பிய இடத்தில் வைக்கலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. டாஷ்போர்ட்டுக்குக் கியர் ஏறியது அப்படித்தான். முதன்முறையாக, கைக்கு எது நல்லது என்ற கேள்விக்கு அப்போதுதான் இடம் உண்டானது.

இந்தக் கேள்வியில் இரண்டு தனித்தனி விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று தண்டின் நீளம். மற்றது குமிழ் இருக்கும் இடம். ‘உயரம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால்தான் வாதம் முடிவதில்லை.

நீளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கியர்த் தண்டு ஒரு நெம்பு. அதன் நடுவே எங்கோ ஓர் உருண்டை மூட்டு இருக்கிறது, அதுதான் பொறுதி. மேல்முனையில் கை தள்ளுகிறது, கீழ்முனை கியர்ப்பெட்டிக்குள் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இதைக் காணத் தண்டு வலிக்கும் வள்ளம் ஒன்று போதும். துடுப்புத் தண்டைப் பிணைத்திருக்கும் கயிற்று வளையம்தான் அங்கே பொறுதி. தண்டை உள்ளே அதிகமாக இழுத்துப் பிடித்தால் கைக்கு இலகு. ஆனால் கை வெகுதூரம் போய்வர வேண்டும். வெளியே அதிகமாக விட்டுப் பிடித்தால் கையைச் சிறிதளவு அசைத்தாலே துடுப்பு நீரில் நெடுந்தூரம் வீசும். ஆனால் தோள் கழன்றுவிடும்.

கணக்குக்காக ஒரு தண்டை வைத்துக்கொள்வோம். பொறுதிக்கு மேலே 25 செ.மீ., கீழே 5 செ.மீ. கீழ்முனை 1 செ.மீ. நகர்ந்தால்தான் கியர் விழும் என்றும், அதற்கு 20 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் வேண்டும் என்றும் கொள்வோம். அப்போது குமிழ் 5 செ.மீ. நகரும், கை 4 கிலோ அளவுக்குத் தள்ளினால் போதும். கைவிசை ஐந்து மடங்காகிறது; இதைத்தான் பொறிமுறை நயம் 5 என்கிறோம். இந்தத் தண்டின் மேல் 5 செ.மீ. நீட்டிப்புக் குழாய் பூட்டினால் கைக்கு வேண்டிய விசை 3.3 கிலோவாகக் குறையும், குமிழ் நகரும் தூரமோ 6 செ.மீ. ஆகும். மாறாக, மேலே 15 செ.மீ. மட்டும் விட்டு அறுத்தால் தூரம் 3 செ.மீ. ஆகச் சுருங்கும், விசை 6.7 கிலோவாக ஏறும். மூன்றிலும் விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள்; ஒரே விடைதான். கை செய்யும் வேலையின் அளவு மாறவே இல்லை. நெம்பு எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது.

நீளத் தண்டுக்கு இன்னொரு செலவும் உண்டு. தண்டு கையிலிருந்து பெட்டிக்கு மட்டும் செய்தி கொண்டுபோவதில்லை, பெட்டியிலிருந்து கைக்கும் கொண்டுவருகிறது. மூட்டிலுள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து 1 மி.மீ. ஆட்டம் விழுந்தால், 5 பங்கு நீளமுள்ள மேல்முனையில் அது 5 மி.மீ. ஆட்டமாகத் தெரியும். பழைய பஸ்ஸில் குமிழ் நடுங்கிக்கொண்டே இருப்பதும், மூன்றாவது கியர் எங்கே என்று சாரதி கிளறித் தேடுவதும் இதனால்தான். ஸ்டியரிங் கம்பத்துக் கியரின் பலவீனமும் இங்கேதான் இருந்தது. கைக்கு வெகு அருகில் இருந்தும், கம்பத்தின் வழியே இறங்கி, மூட்டு மூட்டாகத் திரும்பி, பெட்டியை அடையும் கோல்களில் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது ஆட்டம் சேர்ந்தது. எல்லாம் கூடிக் குமிழில் வந்து நிற்கும்போது கியர் களியைக் கிண்டும் உணர்வைத் தந்தது. இடம் அருமை, உணர்வு மோசம். மன்னாரின் உப்புக் காற்றில் இந்த மூட்டுகள் எல்லாம் விரைவில் துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கியர் இறுக்கம் என்று கராஜுக்கு வரும் வண்டிக்குத் தண்டின் உயரத்தை மாற்றுவதற்கு முன் கிரீஸ் பூசிப் பார்ப்பதுதான் முறை.

சரி, கட்டைத் தண்டு போட்டால் கியர் வேகமாக மாறுமா? இங்கே பெட்டிக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். வேகம் ஒத்துப்போகாமல் பூட்டினால் பற்கள் நறநறவென்று அரைபடும். இதைத் தவிர்க்க 1928இல் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் ஒரு வழியைக் கொண்டுவந்தது. பற்கள் தொடுவதற்கு முன்னரே கூம்பு வடிவான ஒரு வளையம் மற்றொரு கூம்பில் உராய்ந்து இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஒத்திசைப்பான் என்று சொல்லலாம். இந்த உராய்வுக்குச் சிறிது நேரம் வேண்டும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு விரைவில் வேகம் ஒன்றாகும். தண்டைக் கட்டையாக்கினால் கையின் தூரம் குறைகிறதே தவிர, அதே கைப்பலத்தில் கூம்புக்குக் கிடைக்கும் அழுத்தமும் குறைகிறது. ஆகவே கட்டைத் தண்டுடன் வேகமாக மாற்றுபவர் உண்மையில் அதிகப் பலம் கொடுத்துத்தான் மாற்றுகிறார். அவசரப்பட்டால் ஒத்திசைப்பான்தான் தேய்கிறது. பந்தய ஓட்டுநருக்கு அது சரியான பேரம். முருங்கன் சந்தையில் நெல் மூட்டை ஏற்றிவரும் லொறிக்காரருக்கு அல்ல. ஒரு நாளில் பல நூறு தடவை அந்த 6.7 கிலோவைத் தள்ளப்போவது அவருடைய தோள்.

இனி இரண்டாவது விஷயம்: குமிழ் இருக்கும் இடம். கேடிஎச் வானைப் பாருங்கள். குமிழ் உயரத்தில் இருக்கிறது, ஆனால் தண்டு நீளம் இல்லை. காரணம், பொறுதியையே மேலே தூக்கி டாஷ்போர்ட்டில் வைத்துவிட்டார்கள். நீட்டிப்புக் குழாய் பூட்டிய காரிலும் குமிழ் உயரம்தான், ஆனால் அங்கே தண்டும் நீண்டுவிட்டது. கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும் இந்த இரண்டும் கைக்கு ஒன்றல்ல. முன்னதில் கை அருகே வந்தது, அவ்வளவுதான். பின்னதில் கை அருகே வந்ததோடு கியரும் இலகுவாகி, வீச்சு நீண்டு, ஆட்டமும் கூடுகிறது.

மனிதக் கைக்குத் தள்ளவும் இழுக்கவும் வசதியான உயரம் முழங்கை மட்டம்தான். அதற்குச் சற்று மேலே கீழே போகலாம். அந்த மட்டத்தில் முழங்கை மடங்கியிருக்கும்போது மேற்கையின் தசையும் முதுகின் பெரிய தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. குமிழ் தோள் மட்டத்துக்கு ஏறினால், கையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை முழுவதும் தோள் தசையின் தலையில் விழுகிறது. ஒரு முழுக் கையின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. தசைகளின் இந்த உழைப்பை ஆய்வாளர்கள் ஊகித்துச் சொல்லவில்லை. தோலின் மேல் மின்முனைகளை ஒட்டி, எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது என்பதை அதன் மின்துடிப்பிலிருந்து அளக்கிறார்கள். எட்டும் தூரத்தையும் அப்படியே அளந்திருக்கிறார்கள். வெவ்வேறு உடலளவுள்ளவர்களை ஆசனத்தில் பட்டி கட்டி உட்காரவைத்து, வெவ்வேறு உயரங்களில் கை எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து, சாரதிகளில் 100க்கு 95 பேருக்கு எட்டும் எல்லையை வரைந்தார்கள். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே287 என்ற தரநிலை அதுதான். எட்டுவது வேறு, வசதியாக எட்டுவது வேறு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த எல்லைக் கோட்டில் இருக்கும் பொத்தானை எப்போதாவது அழுத்தலாம்; கியரை அங்கே வைக்க முடியாது.

மிகத் தாழ்வாகவோ பின்னாலோ இருக்கும் கியரின் கோளாறு வேறு விதமானது. குமிழைத் தேடிக் கை இறங்கும்போது உடம்பும் இடப்பக்கம் சாய்கிறது, தோள் ஆசனத்தை விட்டு விலகுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் வலது கை அந்த உடம்பில்தானே தொங்குகிறது? சாரதி அறியாமலே ஸ்டியரிங் கொஞ்சம் அசையும்.

மற்ற ஊர்களில் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். மன்னாரில் விட முடியாது. மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி ஏறக்குறைய 3 கிலோமீற்றர் நீளம். 1990இல் தகர்க்கப்பட்ட பழைய பாலத்துக்குப் பதிலாக, 2010இல் திறந்த புதிய பாலம் அதில் இருக்கிறது. இரு பக்கமும் நீர். காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று எப்படி வீசும் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் தம்பபவனி காற்றாலைகள் 30ஐயும் பாருங்கள். காற்று வாகனத்தின் மீது கொடுக்கும் விசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 30 கிலோமீற்றர் வேகக் காற்று 60 ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. உயரமான தட்டைப் பக்கங்கொண்ட வானை ஒரு காற்றடி தள்ளும்போது சாரதி உடனே ஸ்டியரிங்கைச் சிறிது எதிர்த்திருப்ப வேண்டும். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தால் அது நுணுக்கமாக நடக்கும். இடது கை கியரில் இருக்கும் நேரத்தை ஒற்றைக்கை நேரம் என்று வைத்துக்கொள்வோம். கியரின் இடம் நல்லதா கெட்டதா என்று அளக்க என்னிடம் ஒரு கோல் கேட்டால் இந்த ஒற்றைக்கை நேரத்தைத்தான் சொல்வேன். கியர் விழும் வேகத்தை அல்ல.

ஒற்றைக்கை நேரத்தை இடம் எவ்வளவு மாற்றும்? இதற்கு விடை சொல்லும் ஆய்வு வாகனத்திலிருந்து வரவில்லை. 1954இல் அமெரிக்க உளவியலாளர் போல் பிட்ஸ், மாணவர்களிடம் ஓர் உலோகக் கோலைக் கொடுத்து, இரண்டு தகடுகளை மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடுகளின் அகலத்தையும் இடைத்தூரத்தையும் மாற்றி மாற்றி நேரத்தை அளந்தார். இடைத்தூரம் இரட்டித்தால் நேரம் இரட்டிக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி ஆகவில்லை. தூரம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் நேரம் ஏறத்தாழ ஒரே அளவு, செக்கனில் பத்தில் ஒரு பங்கு போல, கூடியது. தகட்டின் அகலத்தையும் இரட்டித்தால் அந்தக் கூடுதல் மறைந்துபோனது. பிட்ஸ் விதி என்று இன்று இதற்குப் பெயர். கைத்தொலைபேசித் திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைக்கூட இதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள்.

கியருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஸ்டியரிங்கிலிருந்து 40 செ.மீ. தள்ளியிருந்த குமிழை 20 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால் போகும்போது செக்கனில் பத்தில் ஒன்று மிச்சம், திரும்பும்போது இன்னொன்று. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு வாகனம் 17 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடும். போகவர மிச்சமாவது மூன்றரை மீற்றருக்குள். குமிழைப் பெரிதாக்கினாலும் போகும்போது இதே போன்ற பலன். லொறிகளில் உள்ளே பூப் பதித்த பெரிய கண்ணாடிக் குமிழ் மாட்டுவது வெறும் அலங்காரம் அல்ல என்பதற்கு இது ஒரு நியாயம். அழகுக்காகவே மாட்டுகிறார்கள் என்றாலும் பயன் உண்டு.

மூன்றரை மீற்றர் சிறிய தொகையா? ஒரு கழுதை வீதிக்குக் குறுக்கே வந்தால் சிறிதல்ல. அதை மன்னாரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இதைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது. சாரதி கியரைத் தேடிக் கண்ணைத் தாழ்த்தினால், ஒரு செக்கனில் 17 மீற்றர் குருட்டு ஓட்டம். கியர் நெருங்கியிருப்பதால் கிடைக்கும் இலாபமெல்லாம் ஒரு பார்வையில் போய்விடும்.

பழகிய சாரதி குனிந்து பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். தசைக்குள்ளும் மூட்டுகளிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள் நீட்சியையும் கோணத்தையும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பிரித்தானிய உடலியலாளர் சார்ள்ஸ் ஷெரிங்டன் 1906இல் இந்தப் புலனுக்குப் பெயர் வைத்தார். தமிழில் தன்னிலை உணர்வு எனலாம். கை தோளுக்கு அருகே இருக்கும்போது இந்த உணர்வு கூர்மை. நீட்ட நீட்ட மங்குகிறது. நெருங்கிய கியருக்கு ஆதரவான வலுவான வாதம் இதுதான். பத்தில் ஒரு செக்கன் மிச்சம் என்பதைவிட, பார்க்காமலே பிடிபடும் என்பது பெரிது.

ஆனால் தன்னிலை உணர்வு தானாகக் கியரைக் கண்டுபிடிப்பதில்லை. அந்த இடத்தில்தான் இருக்கும் என்று பழகிய மூளைக்குத்தான் அது உதவுகிறது. இடம் மாறிவிட்டால்? இதையும் பிட்ஸ்தான், இன்னொருவரான ஜோன்ஸுடன் சேர்ந்து, 1947இல் ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க விமானிகள் கட்டுப்பாடுகளை இயக்குவதில் செய்த 460 தவறுகளைக் கேட்டுத் தொகுத்தார்கள். ஏறக்குறையப் பாதி, ஒரு பிடிக்குப் பதில் இன்னொன்றை இழுத்த தவறுகள். காரணம் விமானிகளின் மடமை அல்ல. எஞ்சினை ஆளும் மூன்று பிடிகள் பி-25 விமானத்தில் ஒரு வரிசையில் இருந்தன, சி-47இல் வேறு வரிசையில், சி-82இல் மூன்றாவது வரிசையில். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறியவரின் கை பழைய இடத்துக்கே போனது. அதே போர்க்காலத்தில் அல்போன்ஸ் சப்பானிஸ் என்பவர் பி-17 விமானத்தில் இன்னொன்றைக் கவனித்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கை மடிப்பைத் தாழ்த்தும் பிடியும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. தரையிறங்கிய விமானத்தில் இறக்கை மடிப்பை எடுப்பதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கினால் விமானம் வயிற்றில் விழும். அவர் ஒரு பிடிக்குச் சிறு ரப்பர் சில்லும் மற்றதற்கு ஆப்பு வடிவக் கட்டையும் ஒட்டினார். குழப்பம் தீர்ந்தது. விமானங்களில் சக்கரப் பிடி இன்றும் சில்லு வடிவில்தான் இருக்கிறது.

வீதிக்கு இந்தப் பாடம் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவில் சில ஓட்டோமெட்டிக் கார்களில் பின்னோக்கும் கியரும் முன்னோக்கும் தாழ் கியரும் அடுத்தடுத்து இருந்ததால் நேர்ந்த விபத்துகளை 1965இல் ரால்ப் நாடர் எழுதி அம்பலப்படுத்தினார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி அதன்பின் அங்கே கட்டாயமானது. பிழைகள் அத்தோடு நிற்கவில்லை. எந்தக் கியருக்குத் தள்ளினாலும் கையை விட்டதும் நடுவுக்கே திரும்பிவிடும் குமிழ்கள் பிறகு வந்தன. குமிழின் நிலையைத் தொட்டுப் பார்த்து எந்தக் கியர் விழுந்திருக்கிறது என்று அறிய முடியாது. விளக்கைத்தான் பார்க்க வேண்டும். 2016இல் பியட் கிரைஸ்லர் நிறுவனம் இத்தகைய கியர் பொருத்திய ஏறக்குறைய 11 இலட்சம் வாகனங்களை உலகெங்குமிருந்து திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. பார்க்கில் போட்டதாக நினைத்து இறங்கிய பிறகு வண்டிகள் உருண்டன. ப்ரியஸின் குமிழும் நடுவுக்குத் திரும்பும் வகைதான். பார்க்குக்குத் தனிப் பொத்தான் உண்டு. புதிதாக அதை ஓட்டுபவர், இறங்குமுன் திரையில் எழுத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.

கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்று ஒரு தீர்வும் இருக்கிறதே? 1989இல் ஜோன் பார்னார்ட் வடிவமைத்த பெராரி 640 பந்தயக் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே விரலால் இழுக்கும் இரண்டு தகடுகளை வைத்தார்கள். முதல் பந்தயமான பிரேசிலில் நைஜல் மான்செல் வென்றார். ஒற்றைக்கை நேரம் பூச்சியமானது. இதைப் புரட்சி என்று உலகம் கொண்டாடியது நியாயந்தான். ஆனால் 1946இல் வந்த வெஸ்பா ஸ்கூட்டரிலேயே கியர் இடது கைப்பிடியில் இருந்தது. அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான் நம் ஓட்டோவின் திருகு கியர். கையெடுக்காமல் கியர் மாற்றும் வசதியில் பேசாலை ஓட்டோக்காரர் பெராரிக்கு முன்னோடி. குறை அதிலும் உண்டு. திருகும்போது மணிக்கட்டு வளைகிறது, நாள் முழுதும் ஓடினால் வலிக்கிறது. கேபிள் நீண்டு தளர்ந்தால் மூன்றாம் கியர் என்று நினைத்துத் திருகியது நியூட்ரலில் நிற்கும்.

ஆக, உயர்த்துவதா தாழ்த்துவதா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இதுதான். மன்னாரைப் போன்ற சமதரையில், நெடும் வீதியில் ஓடும் வாகனத்துக்குக் குமிழ் முழங்கை மட்டத்தில், ஸ்டியரிங்குக்கு அருகில் இருப்பது நன்மை. அதைத் தண்டை நீட்டிச் செய்வதைவிடப் பொறுதியோடு உயர்த்திச் செய்த வடிவமைப்பே மேல். நம்மால் பொறுதியை உயர்த்த முடியாது, அது தொழிற்சாலையின் வேலை. ஆனால் நம் தோளின் இடத்தை மாற்ற முடியும். பெரும்பாலானோர் கியர் எட்டவில்லை என்று சொல்வது உண்மையில் ஆசனம் பின்னால் இருப்பதைத்தான்.

எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு உட்காருங்கள். கிளச்சை முழுதாக மிதித்தபடி, முதுகு ஆசனத்தை விட்டு எழாமல், கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மிகத் தூரத்தில் இருக்கும் கியரிலும் முழங்கை சற்று மடங்கியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆசனத்தை ஒரு பல் முன்னால் தள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு இதையே இன்னொரு முறை செய்யுங்கள். வாகனம் மாறும் ஒவ்வொரு தடவையும், புறப்படுமுன், செய்யுங்கள். ஓடும்போது குமிழின் மேல் கையை ஓய்வுக்கு வைக்காதீர்கள். அந்தச் சிறு அழுத்தம் உள்ளே சுழலும் பாகத்தில், கியரைத் தள்ளிப் பூட்டும் கவையைத் தொடர்ந்து உரசவைத்துத் தேய்க்கும். சோளகம் வீசும் நாளில் தள்ளாடி என்ற இடத்தில் தாம்போதி ஏறுமுன்னரே பொருத்தமான கியருக்கு வந்துவிடுங்கள், நடுவில் மாற்றும் தேவை குறையும். கியர் இன்னும் ஆடுகிறது என்றால் புஷ்ஷை மாற்றுங்கள், இறுகுகிறது என்றால் கிரீஸ் இடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கை எட்டவில்லை என்றால் மட்டும் நீட்டிப்புக் குழாய்க்குக் காசு செலவழியுங்கள்.